ஹோல்மன் துரையின் அறை

அன்றைக்கு அந்த மேல்மாடி அறையில் நாலு பேர் இருந்தோம். அதை வாடகைக்கு எடுத்துத் துணி தைத்துக்கொண்டிருந்த நான். கட்டடத்துச் சொந்தக்காரரான கம்பளை ஹாஜியார். தட்டெழுத்து வகுப்புக்கு இடம் பார்க்க வந்த யாழ்ப்பாணத்து மாஸ்டர். சாவிக்கொத்தோடு வாசலில் நின்ற சிங்களக் காவல்காரர். ஹோல்மன் துரையையும் சேர்த்தால் ஐந்து.

துரையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கண்டி டவுனில் இருந்த அந்தக் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை லாயம். சுதந்திரத்துக்குப் பிறகு ஹாஜியார் அதை வாங்கி, கீழே அரிசியும் மாசிக்கருவாடும் மூட்டை மூட்டையாக அடுக்கினார். மேலே குதிரைக்காரர்கள் படுத்த அறைக்குப் புதுப் பலகைத் தரை போட ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து தச்சர்கள் வந்தார்கள். வேலை முடிந்து போகும்போது, இங்கே ஹோல்மன் என்று ஒரு துரை பேயாக உலாவுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு கதை தானாகவே வளர்ந்தது. துரை குதிரையிலிருந்து விழுந்து செத்தார். இல்லை, செத்தது குதிரை, துரை ஏக்கத்தில் போய்ச் சேர்ந்தார். ஒரு காலில்தான் பூட்ஸ் இருக்கும், மற்றது வாவிக்குள் கிடக்கிறது. மஹய்யாவையில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் மட்டும் அவருக்கு மூன்று விதமான சாவு இருந்தது.

இந்தத் துரையால்தான் எனக்கு அறை கிடைத்தது. வேறு ஒருவரும் வராததால் ஹாஜியார் பாதி வாடகைக்கு விட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குத் தெரிந்த ஒரே தொழில் தையல். வீட்டிலோ ஆறு பேருக்கு ஓர் அறை. மிதி மெஷினை உள்ளே வைத்தால் யாராவது ஒருவர் வெளியே படுக்க வேண்டும்.

நெருப்புப் பிடிக்குமோ, தரை இறங்கிவிடுமோ, கத்தரிக்கோல் காணாமற் போகுமோ என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தவள், துரையையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டேன். காலையில் கதவைத் திறந்ததும் "சலாங்க தொர" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். மெஷினை மிதித்தால் குதிரைக் குளம்பு மாதிரிச் சத்தம் கேட்கும். நிறுத்தினால் அதுவும் நிற்கும். மரியாதை தெரிந்த துரை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் இப்படிப் போன பிறகு வந்தவர்தான் மாஸ்டர். முழு வாடகை தருவாராம். நான் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்றார் ஹாஜியார். பள்ளிக்கூடம் திறக்கும் முன் கொடுக்க வேண்டிய நாற்பது வெள்ளைச் சட்டைகள் மேசையில் வெட்டிக் கிடந்தன. அந்த நேரத்தில் துரையை விட்டால் எனக்கு வேறு ஆளில்லை.

"மாஸ்டர், இந்த ரூம்ல ஹோல்மன் தொர இருக்காருங்க," என்றேன்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம், கேள்விப்பட்டனான். ஆள் எந்தத் தோட்டம்? முழுப்பேர் என்ன?"

"அதெல்லாம் நான் கேக்கலைங்க."

"மூண்டு வருஷம் ஒண்டா இருந்திருக்கிறியள், பேர் கேக்கேல்லையோ?"

ஹாஜியார் சிரித்துவிட்டார். "புள்ள, நீங்க சும்மா இரிங்க. மாஸ்டர், இதெல்லாம் பழைய கத. வேணுமெண்டா இவர்ட்ட கேளுங்க," என்று காவல்காரரைக் காட்டினார்.

காவல்காரருக்கு எங்கள் பேச்சு பாதி புரியும். "தொர யாரு?" என்றார். "நான் தொர பத்திச் சொல்லல்ல. அந்தத் தச்சு வேல செஞ்ச பாஸ்மார் கேட்டாங்க, மேல என்ன சத்தம்னு. நான் சொன்னது, 'மெஹெ ஹொல்மன் தியெனவா.'"

ஹாஜியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். சிங்களத்தில் ஹொல்மன் என்றால் பேய் நடமாட்டம். இங்கே பேய் நடமாட்டம் இருக்கிறது என்று காவல்காரர் சொன்னதை, தச்சர்களின் தோட்டத்துக் காதுகள் வெள்ளைக்காரப் பெயர் மாதிரி 'மன்' என்று முடிந்ததுமே ஒரு துரையாக்கிவிட்டன.

"எனக்குத் தெரியாத சொல்லா? பின்னால தொர எண்டு ஒட்டிட்டாங்க, அதான் காதுல ஏறல்ல," என்று ஹாஜியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று வருஷம் வெறும் சுவருக்குச் சலாம் போட்டதை நினைத்து நானும் சிரித்தேன். அறை கைவிட்டுப் போவது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப துரை எண்டு ஒருத்தரும் இல்லை. சாவியைத் தாங்கோ," என்று மாஸ்டர் கையை நீட்டினார்.

"தொர இல்ல மாத்தயா," என்றார் காவல்காரர். "ஹொல்மன் இருக்கு. ஒண்ணு இல்ல, நெறய."

நீட்டிய கை அப்படியே நின்றது. "நிறைய எண்டால்?"

"எண்ணிப் பாக்கல்ல மாத்தயா."

"ஆம்பிளையளோ, பொம்பிளையளோ?"

"குதிரையும் இருக்கு."

மாஸ்டர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பெயருள்ள ஒரு துரை என்றால் அவர் விசாரித்தே விரட்டியிருப்பார். "படிக்கிற பிள்ளையள் வந்து போற இடம். வீட்டில ஒருக்காக் கதைச்சுப்போட்டு வாறன்," என்று படியிறங்கினார். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "புள்ள, இவ்வளவு பேர் இரிக்காங்களாம். நீங்க என்ன செய்யப் போற?"

எனக்கும் பயம்தான். ஆனால் நாற்பது சட்டை. "எனக்கு ஒருத்தரத்தான் தெரியும் ஹாஜியார். மத்தவங்க இவ்வளவு நாளும் பேசாமத்தானே இருந்தாங்க," என்றேன்.

"அப்ப இரிங்க. ஆனா மாசம் அஞ்சு ரூவா கூட்டித் தாங்க. மாஸ்டர் தாரெண்ட காசு கண்ணுல நிக்கிது."

யோசிக்காமல் சரி என்றேன். அந்த மாத வாடகை முப்பது ரூபாயைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன். அதைக் கொடுத்து, கூடின ஐந்தை அடுத்த மாதம் சேர்த்துத் தருவதாகச் சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து முப்பத்தைந்து ஒழுங்காகப் போனது. அந்த முதல் ஐந்து மட்டும் விட்டுப்போயிற்று. வருஷங்கள் கழித்து ஒருநாள் தையலின் நடுவில் அது நினைவுக்கு வர, தூக்கம் கெட்டு, கம்பளைக்கே பஸ் ஏறினேன். ஹாஜியார் அப்போது உயிரோடு இல்லை. மகன் கணக்குக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "வாப்பாட கொப்பில அப்பிடி ஒண்டும் இல்லயே அக்கா," என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் கொப்பியில் இல்லாவிட்டாலும், ஹாஜியாருக்கு நான் கொடுக்க வேண்டியது இன்னும் ஐந்து ரூபாய்.