பெட்டிகளின் அடியில் நீலப் பொறி

ஓடும் அனைத்தையும் ஓட்டும் ஒருவா,
நாடும் வழியில் நடுங்கும் எனக்கு
நீடும் துணையாய் நின்றருள்,
ஆடும் திருவடி ஐயனே போற்றி!

ஆனித் திருமஞ்சன நன்னாளாகிய இன்று, அம்பலவாணனின் நீராட்டைக் கண்குளிரக் கண்டு வீடு திரும்பி, நெற்றியில் திருநீற்றின் ஈரம் உலருமுன் இதை எழுத அமர்ந்தேன். எழுதப்போவது தலப் பெருமையன்று. விருதுநகரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஓடிய சிறு ரயிலின் பயணிகள் பெட்டிகளைப் பற்றித்தான். "பொம்மை ரயிலப் பத்தி எழுத நல்ல நாளு எதுக்குங்க?" என்று என் மனைவி கேட்டாள். அந்தப் பெட்டிகளோடு நான் கழித்த ஆண்டின் கலக்கம் இன்னும் முழுவதும் தெளியவில்லை. நல்ல நாளின் துணையின்றி அதைத் தொட எனக்குத் துணிவில்லை.

தென்காசிப் பாதை அகலமாக்கப்பட்டு வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்றில் மேற்பார்வையாளனாக இருந்து நான் ஓய்வு பெற்றிருந்தேன். சிங்கப்பூரிலிருந்த என் மைத்துனர் ஒருமுறை வந்தபோது ஓர் எஞ்சினும், வளையமாகப் பூட்டக்கூடிய தண்டவாளங்களும், சில பயணிகள் பெட்டிகளும் அடங்கிய தொகுதியைக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குச் சற்றே மிகுந்த நீளம். அவற்றின் வெளிநாட்டுப் பச்சை என் கண்ணுக்கு ஒட்டவில்லை. பழைய அச்சகத்தில் சொல்லி, மிச்சமான ஆர்ட் அட்டையில் கருநீலமும் வெளிர்நீலப் பட்டையும் ஜன்னல் கம்பிகளுமாகப் பக்கச் சுவர்களை அச்சிட்டு வாங்கி ஒட்டினேன். வண்டி நம் ஊர் வண்டியாயிற்று. ஆயினும் எடையில்லாத பெட்டிகள் வளைவுதோறும் குடை சாய்ந்தன. அச்சகத்தில் கழித்துப்போட்டிருந்த ஈய எழுத்துகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெட்டியின் தரையிலும் சக்கரங்களுக்கு நேர்மேலே படுக்க வைத்து ஒட்டினேன். அதன்பின் அவை தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஓடின.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சீசன் உச்சத்தில் இருந்த ஒரு நாள், சாப்பிடுவதற்காக அவன் வெளியே மரத்தடிக்கு வந்திருந்த வேளையில், அவன் பொறுப்பிலிருந்த அறைகளுள் ஒன்று வெடித்தது. உள்ளே இருந்தவர்களைப் பற்றி எழுத என் கை வரவில்லை. அவனுக்கு ஒரு காது மந்தமானதைத் தவிர உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றுமுதல் நெருப்பு எந்த வடிவில் எதிர்ப்பட்டாலும் அவ்விடத்தில் அவன் நிற்பதில்லை. சிவகாசியில் எந்நேரமும் எங்கோ ஒரு சோதனை வெடி கேட்கும். அதைத் தாங்காமல்தான் மனைவியையும் மகளையும் அங்கேயே விட்டு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினான். இங்கும் அடுப்பைப் பற்றவைக்கும் ஓசை கேட்டால் எழுந்துவிடுவான். பூசையறையில் நான் கற்பூரத் தட்டை எடுக்குமுன் படியிறங்கித் தெருவுக்குப் போய்விடுவான். இறைவனைச் சோதியென்றும் சுடரென்றும் நாள்தோறும் பாடுபவன் நான்; என் உடன்பிறந்தவன் அந்தச் சுடரைக் கண்டு விலகி ஓடுவது எனக்கு முள்ளாய்த் தைத்தது.

அவ்வாண்டு ஆவணியில் அவனுடைய ஒரே மகளுக்குத் திருமணம் என்று நிச்சயமாகியிருந்தது. ஓமத்தீயின் முன் அமர்ந்து மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் அவன். சித்திரையில் ஒரு நாள் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தகப்பன் கடைத்தெருவுக்குப் போகும்வரை காத்திருந்து என்னிடம் கேட்டாள்.

"பெரியப்பா, அப்பா உக்காரலேன்னா அந்த எடத்துல நீங்க உக்காருவீகளா?"

"உங்கப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கயில நான் எதுக்கும்மா உக்காரணும்?"

"இருப்பாக. மண்டபத்துக்கு வெளிய இருப்பாக. அதான் கேக்கேன்."

காப்பி போடச் சொல்லி அவள் பெரியம்மாவை அழைத்தேன். அவள் போன பிறகு அந்தக் கேள்வி வீட்டில் ஒரு ஆளைப்போல இருந்துகொண்டிருந்தது.

மின்சாரத்தால் இயங்கும் பொருள்களில் என் தம்பி அருகிருந்து பார்த்தது அந்த ரயிலை மட்டும்தான். சுவிட்சிலும் பொறி தெறிக்கும் என்று, அதைப் போடும்வரை வாசலில் நிற்பான். வண்டி ஓடத் தொடங்கியதும் வந்து பலகையோரம் அமர்வான். பெட்டிகளுக்குள் இருக்கை செய்ய, சாத்தூர்த் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மருந்து தோய்க்காத குச்சிகளை ஒரு பை நிறைய வாங்கி வைத்திருந்தேன். அவன் ஒவ்வொரு குச்சியையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவான்.

"வெறுங் குச்சிதாம்ப்பா."

"நீங்க சொல்லுவீக. குச்சி சொல்லணும்ல?"

இப்படி அவன் கையால் நீட்டிய குச்சிகளில் பெட்டிகளுக்கெல்லாம் பெஞ்சு அமைந்தது. அவன் முகமும் சற்றுத் தெளிந்து வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கோ ஜன்னல்களில் விளக்கு எரிய வேண்டும் என்று ஆசை. பெட்டிகளில் இருந்த பிளாஸ்டிக் சக்கரங்களைக் கழற்றி உலோகச் சக்கரங்களை மாட்டி, அவற்றை உரசும்படி மெல்லிய செப்புத் தகடுகளைப் பொருத்தி, தண்டவாளத்து மின்சாரத்தை உள்ளே இருந்த சின்னஞ்சிறு பல்புகளுக்கு ஏற்றினேன்.

வைகாசியில் புழுதிக் காற்று வீசிய ஒரு பிற்பகல். ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் அறை மங்கலாக இருந்தது. வண்டி புறப்பட்டது. எல்லா ஜன்னல்களும் பொன்னிறமாய் ஒளிர, அது வளைந்து வந்ததைக் கண்டு என்னையறியாமல் கைகூப்பினேன். அக்கணமே கடைசிப் பெட்டியின் அடியில், சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தில், கடுகளவு நீலப் பொறி ஒன்று தெறித்தது. அடுத்து இன்னொன்று. தம்பியின் மடியிலிருந்த காராச்சேவுத் தட்டு கவிழ்ந்து உருண்டது. அவன் அறையில் இல்லை.

"என்னங்க, கொளுந்தனாரு செருப்புக்கூட மாட்டாம போறாரு!" என்று கீழிருந்து மனைவி கூவினாள்.

தெப்பக்குளத்துப் படியில் நீரில் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தான். அருகில் அமர்ந்தேன். காது மந்தமானதிலிருந்து அவன் உரக்கவே பேசுவான்; அன்று குரல் எழவில்லை.

"அண்ணே, அது பொறிதான?"

"பொம்ம ரயிலுப் பொறிப்பா. தூசிபட்டா வரும். ஒரு பஞ்சக்கூடப் பத்தவைக்காது."

"பொறியில பொம்மப் பொறி ஏது?"

அதன்பின் அவன் மாடிக்கு வரவில்லை. கூடத்து விளக்கைப் போடவும் விடவில்லை, இருட்டிலேயே சாப்பிட்டான். அழைப்பிதழ் அச்சாகி வந்தது. அதில் அவன் பெயரைப் பார்த்த நாள்முதல், காலையில் பாடிப் பழகிய பதிகங்களில் அடி தவறியது. ஒரு பாட்டில் தொடங்கி இன்னொன்றில் முடித்தேன்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. பொறி இல்லாமல் அந்தப் பெட்டிகளை ஓட்டிக் காட்டுவது. ஜன்னல்களில் பழைய நாட்காட்டித் தாள்களை ஒட்டிப் பட்டப்பகலில் அறையை இருட்டாக்கி, தரையில் படுத்து, எந்தச் சக்கரத்தில் பொறி வருகிறது என்று பார்த்தேன். ஒரு முனைச் சக்கரங்கள் மட்டுமே மின்சாரம் எடுத்ததால், அவற்றில் ஒன்று அழுக்கில் தொடர்பை இழந்ததும் பொறி தெறித்தது. ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் எட்டுச் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கும்படி தகடுகள் அமைத்தேன். பல்புகளை நீக்கி, மிகக் குறைந்த மின்சாரம் குடிக்கும் எல்.இ.டி. விளக்குகளை ரேடியோ கடைக்காரரிடம் வாங்கிப் பொருத்தினேன். தண்டவாளத்தைத் துடைக்க ஸ்பிரிட் புட்டியைத் திறந்த அன்று, படியின் கீழிருந்து ஒரு கத்தல் எழுந்தது.

"மதினி! மாடியில ஸ்பிரிட்டு வாசம் வருது! அண்ணன் என்னத்த வச்சிருக்காரு?"

புட்டியை மூடிக் கொல்லைக்கு அனுப்பினேன். பிள்ளைகள் பென்சில் அழிக்கும் ரப்பரால் தண்டவாளத்தை ஓரங்குலம்கூட விடாமல் தேய்த்தேன். ஆனால் அந்தக் கத்தல் எனக்கு ஒன்றைச் சொல்லிற்று: அவன் படியடியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆனி பிறந்த பின் ஒரு காலை தானாகவே மேலேறி வந்தான். கையில் ஒரு செப்புத் தகடும் கம்பியும். கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழைவோர், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்க, வாசலில் அத்தகைய தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். அதை என் மாடியறை வாசலில் அறைந்து, கம்பியைத் தோட்டத்து மண்வரை இறக்கினான். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தான். செருப்பில்லாமல், பருத்தி வேட்டியோடு, தகட்டைத் தொட்டுத்தான் நான் உள்ளே போக வேண்டும் என்றான். காப்பி கொண்டுவந்த என் மனைவியையும் மறித்தான்.

"ஏன் கொளுந்தனாரே, காப்பிக்கும் கம்பெனிச் சட்டமா?"

"தகட்டத் தொடுறது இருக்கட்டும் மதினி. மொதல்ல அந்த நைலான் சேலைய மாத்திட்டு வாங்க."

"அடப்பாவி, இது உம்ம மக கல்யாணத்துக்குன்னு எடுத்த சேலையய்யா! சும்மா கட்டிப் பாத்தேன்."

"அப்ப கல்யாணத்துக்கும் பருத்தியே கட்டுங்க."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேகத் திருகை மெல்லத் திருப்பினேன்.

இருட்டிய அறையில் வண்டி புறப்பட்டது. ஒரு சுற்று; பொறியில்லை. இரண்டாவது சுற்று, இல்லை. நான் மூச்சுவிடத் தொடங்கியபோது, ஜன்னலோரத்துத் தண்டவாள இணைப்பில், நடுப்பெட்டியின் அடியில் நீலமாய்த் தெறித்தது. எல்லாம் போயிற்று என்று திருகை அணைக்கப் பாய்ந்தேன்.

"நிறுத்தாதீக."

சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தான். வண்டி சுற்றி வந்தது. அதே இணைப்பு, அதே பொறி.

"அதே எடம்," என்றான். மறுபடி வண்டி வந்தது. "அதே எடந்தான்." அடுத்த சுற்றுக்குள் ஓரடி முன்னே வந்திருந்தான். அதற்கடுத்து வண்டி நெருங்குமுன் விரலை நீட்டி, "இப்ப… இங்கன," என்றான். பொறி அங்கே வந்தது. அவன் பின்வாங்கவில்லை.

கையில் ரப்பரோடு அந்த இணைப்பைத் தேய்க்கக் குனிந்தேன்.

"வேணாம்ண்ணே. அது அங்கனயே இருக்கட்டும். கம்பெனியில எங்கன வரும், எப்ப வரும்னு ஒரு நாளும் தெரியாது. அன்னிக்கு உள்ள வேல பாத்த பிள்ளைகளுக்கும் தெரியல. இது எனக்குத் தெரியுது."

குற்றமற்ற பெட்டிகளை ஓட்டத் தவங்கிடந்த நான், அந்த ஓர் இணைப்பை மட்டும் அழுக்கோடு விட்டுவைத்தேன். பிற்பகல்தோறும் அவனே வண்டியை ஓட்டினான். பொறி வருமுன் "இப்ப" என்பான். ஆடியில் சுவிட்சையும் அவனே போட்டான். கற்பூரத்தின் முன் மட்டும் அவன் நிற்கவில்லை. அதனால் என் அச்சம் தீரவில்லை. நீலக் கடுகும் ஓமத்தீயும் ஒன்றா என்று ஒவ்வோர் இரவும் என்னையே கேட்டுக்கொண்டேன். அவனிடம் கேட்கவில்லை.

திருமணத்துக்கு முன் அவன் என்னை அழைத்துக்கொண்டு புரோகிதர் வீட்டுக்குப் போனான். எப்போது நெய் ஊற்றுவீர்கள், எத்தனை கரண்டி, கொழுந்து எந்தப் பக்கம் சாயும் என்று வரிசையாகக் கேட்டான். பெரியவர் விழித்தார்.

"நான் மந்திரம் சொல்லட்டுமா, அக்கினிக்கு டைம் டேபிள் போடட்டுமா?"

"ரெண்டும் செய்யுங்க சாமி. நெய்ய எடுக்கும்போது எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும். இந்தக் காது கேக்காது; அந்தக் காதுப் பக்கமாச் சொல்லுங்க."

முகூர்த்த நாளில் அவன் வந்து மணையில் அமர்ந்தான். நான் அவனுக்குப் பின்னே, அவன் எழுந்தால் அந்த இடத்தில் அமரும்படி குளித்து மடியோடு, நின்றுகொண்டிருந்தேன். புரோகிதர் சொல் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் காதருகே குனிந்து "நெய்" என்றார், கொழுந்து எழுந்தது, அவன் தொடைமேல் விரல்கள் இறுகின, கொழுந்து தணிந்தது. பிறகு, யாரும் சொல்லாமல், குண்டத்தில் கிடந்த ஈரச் சமித்து ஒன்று படீரென்று வெடித்தது. மண்டபத்தில் எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தம்பியின் உடல் மணையைவிட்டு ஒரு விரற்கடை எழுந்ததை நான் கண்டேன். என் கால் முன்னே நகர்ந்துவிட்டது. அந்தப் பெண், தலையை நிமிர்த்தாமலே, வளையல் கையை எடுத்துத் தகப்பன் முழங்காலில் வைத்தாள். அழுத்தவில்லை; வைத்தாள். அவன் உட்கார்ந்தான்.

தாரை வார்க்கும்போது நீரிற் பாதி மணையில் சிந்தியது. மீதி அவள் கைவழியே இறங்கியது. அது போதும் என்று புரோகிதர் தலையசைத்தார்.

முடிந்ததும் பின்வாசல் வழியே போனவனைத் தேடிப் போனேன். கைகழுவும் தொட்டியருகே வாந்தியெடுத்துவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். துண்டை நீட்டினேன்.

"இருந்துட்டேன்ல, அண்ணே?"

"இருந்துட்டப்பா."

"இன்னொரு தடவ இருக்கச் சொல்லீராதீக."

இதை வாசிக்கும் யாவர் இல்லத்திலும் அடுப்பு அடங்கி எரிக; விளக்கு அசையாது ஒளிர்க; வேலைக்குப் போனவர் வேளையோடு வீடு சேர்க; பெற்றோர் தம் மக்களின் மங்கலத்தை அருகிருந்து காண்க. அம்பலத்தே ஆடும் ஐயனின் அருள் உங்கள் அனைவரையும் காக்க.