செவலைக்கு லாடம் அடித்த நாள்

என் தம்பி மலைமேல் செம்மேட்டில் வெளியூர்க்காரர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைத்தான். இருந்தது ஒரே குதிரை, செவலை நிறப் பெட்டை. உடம்பு தேய்ப்பது, குளம்பில் அடைந்த சேற்றை நோண்டி எடுப்பது, கொள்ளு வேகவைப்பது எல்லாம் அவன் வேலை. அளந்து போடுவது மட்டும் என் வேலை. அவன் கையில் விட்டால் ஒரு படி ஒன்றரைப் படியாகிவிடும்.

ஆடிப் பதினெட்டு நெருங்கும்போது முன்னங்கால் லாடம் ஒன்று கழன்று விழுந்தது. மற்ற மூன்றும் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. வழக்கமாக லாடம் அடிப்பவர் சேலத்திலிருந்து வருவார். குதிரை நின்றபடி இருக்க, ஒவ்வொரு காலாக மடக்கிப் பிடித்து அடிப்பார். அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆடிக் கூட்டத்தை விட்டுவிடத் தம்பிக்கு மனமில்லை. சந்தைக்கு வந்திருந்த மாட்டு லாடக்காரனைக் கூட்டி வந்தான்.

"மாடானா என்னங்க, குதிரையானா என்னங்க. நாலு காலுதானே," என்றான் அந்த ஆள்.

மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துக் கால்களைச் சேர்த்துக் கட்டித்தான் லாடம் அடிப்பார்கள். இதற்கும் அதே கயிற்றை எடுத்தான். குதிரையைச் சாய்க்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன்.

"நீங்க கொள்ளு அளக்கறதோட இருங்கண்ணா," என்றான் தம்பி.

ஆறு பேர் இழுத்தார்கள். மாடு முட்டி போட்டு, பிறகு சாயும். செவலை நின்ற உயரத்திலிருந்து அப்படியே பக்கவாட்டில் விழுந்தது. இடுப்பு பாறையில் பட்டது. அதன் பிறகு அது உதைக்கவே இல்லை.

"பாத்தீங்களா, பசுவாட்டம் கெடக்குது," என்று லாடக்காரன் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினான். காலுக்கு ஆறு ஆணி. ஆணிகளை எண்ணிய என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டான்.

"ஏனுங்க பெரியவரே, ஆணிய நான் முழுங்கிற மாட்டேனுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். நாலு காலும் முடிந்து கயிற்றை அவிழ்த்தார்கள். செவலை எழுந்திருக்கவில்லை.

ஒருவன் மாட்டுக்குச் செய்வதுபோல வாலை முறுக்கினான். தம்பி தடியால் அடித்தான். அது முன்னங்கால்களை ஊன்றி நெஞ்சைத் தூக்கி, நாய்போல உட்கார்ந்தது. பின்னங்கால்கள் வரவில்லை. சரிந்தது. மறுபடி அடி, மறுபடி எழும்பல். ஒன்பது முறை.

"எந்திரி சாமி. எந்திரி கண்ணு," என்று கெஞ்சிக்கொண்டே அடித்தான். தடி முறிந்ததும்தான் நிறுத்தினான்.

சொல்லியனுப்பியதும் மாட்டு டாக்டர் வந்து முதுகைத் தடவினார். பின்னங்காலில் ஊசியால் குத்திப் பார்த்தார். செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முதுகெலும்பு போச்சுங்க. இனி எந்திரிக்காது. வலியில்லாம முடிச்சு வெச்சரலாம், மருந்து எடுத்துட்டு வாரேன்," என்று பைக்கை எடுத்தார்.

அவர் தலை மறைந்ததும் லாடக்காரன் தம்பி அருகில் போனான்.

"புது இரும்புங்க. மண்ணுக்குள்ள போயி என்ன ஆவப்போகுது? கழட்டிக்கறேனுங்க."

தம்பி குதிரையின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பதில் சொல்லவில்லை. லாடக்காரன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு இடுக்கியை நுழைத்தான். பின்னங்கால்களில் செவலைக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னங்காலில் ஆணியைப் பிடுங்கும்போது ஒவ்வொன்றுக்கும் தோல் சிலிர்த்தது.

டாக்டர் திரும்பி வந்து மருந்தை ஊசியில் ஏற்றும்போது குளம்புகளைப் பார்த்தார்.

"லாடம் அடிக்கத்தானே சாச்சீங்க? லாடம் எங்கீங்க?"

அவர் கழுத்து நரம்பைத் தேடத் தொடங்கினார்.