குக்கரில் வளர்ந்த பருக் கிருமி

2006 மார்ச்சில், மூடி ரப்பர் செத்துப்போன ஆய்வக ஜாடி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓசூர் பாகலூர் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கியபோதுதான் சம்பங்கி அண்ணனைப் பார்த்தேன். குக்கர், ஸ்டவ் பழுது பார்ப்பவர்.

“இதுல என்னாப்பா வேகவெப்பே?”

“வேகவெக்க இல்லீங்கண்ணா. முகப்பரு கிருமி வளக்க. காத்துப் பட்டா செத்துப்போயிடும்.”

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவன் நான், அப்போது எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் கடைசிப் பருவம். எந்தச் செடி, எந்தக் காளானின் சாறு அந்தக் கிருமியைக் கொல்கிறது என்பதே ஆய்வு. ஜாடி ஒழுகி இரண்டு முறை கிருமி செத்திருந்தது.

அண்ணன் ஜாடியை ஓரமாக வைத்தார். பழைய ஐந்து லிட்டர் குக்கருக்குப் புது ரப்பர் போட்டு, வெயிட் துளையை அடைத்து, தண்ணீரில் முக்கினார். ஒரு குமிழி வரவில்லை.

“எறும்பு மூச்சு விட்டாக்கூட வெளிய வராது.”

உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்ன மயில்துத்தத்தில் நனைத்த இரும்பு நார் வேண்டும் என்றேன். அதையும் அவரே கொடுத்தார். கூலி வாங்கவில்லை. ஒரே நிபந்தனை: “கிருமி என்னுதா இருக்கணும்.”

நாற்பது வயதிலும் அவர் நெற்றி முழுக்கப் பரு. சாப்பாட்டு கேரியரோடு வந்த அவர் மனைவி நாராயணம்மா சிரித்தார். “பன்னெண்டு வருசமா மஞ்சளை அரைச்சுக்கினு பின்னாலயே ஓடறேன் தம்பி. ஆளு நிக்கறதில்ல.”

“மூஞ்சியில பூசிக்கினு ரோட்டுமேல உக்காந்தா கடைக்கு எவன் வருவான்?”

“என் மஞ்சளையும் வெச்சுப் பாரு தம்பி.”

“அப்ப என் சிப்பிக் காளானையும் வெய்யி!” என்றார் அண்ணன். ஞாயிறு தவறாமல் காளான் குழம்பு தின்பவர். “காளான் ஜெயிச்சா, இவ மஞ்சளைத் தூக்கிக்கினு என் பக்கமே வரக் கூடாது.”

“சரி” என்றார் நாராயணம்மா.

ஒரு வாரத்தில் அண்ணனின் நெற்றியிலிருந்து எடுத்த கிருமி குக்கருக்குள் கடுகு கடுகாக முளைத்துவிட்டது! அதைக் கிருமி வளர்க்கும் புதுத் தட்டுகளில் பரப்பி, குழியிட்டு, ஸ்பிரிட்டில் இறக்கிய சாறுகளை ஊற்றி மறுபடி மூடினேன். சில நாள் கழித்துத் திறந்து, டேப் ஒட்டிய தட்டோடு கடைக்கு ஓடினேன். மஞ்சளைச் சுற்றிக் கிருமி செத்த வட்டம் பதினோரு மில்லிமீட்டர். காளானைச் சுற்றிப் பதினாலு! வெறும் ஸ்பிரிட்டுக்கு ஒன்றுமில்லை.

அண்ணன் ஸ்பானரோடு குதித்தார். எதிர்க்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னார். “பாத்தியா நாராயணம்மா! காளான்!”

நாராயணம்மா என்னிடம் ஸ்கேலை வாங்கித் தானே அளந்து பார்த்தார். “ஆமா மாமா, காளான்தான். நாளையிலேருந்து காளானையே அரைச்சுப் பூசறேன்.”

அண்ணன் கையில் டீ அப்படியே நின்றது. “அப்ப குழம்பு?”

“எல்லாம் மூஞ்சிக்கே சரியாப்போயிடும்.”

“தட்டுல சாவறது தோல்லயும் சாவும்னு சொல்ல முடியாதுங்கண்ணி” என்றேன்.

“நீ சும்மா இரு தம்பி. அதையும் பாத்துடலாம்.”

ஒன்பது நாள் அண்ணன் சாம்பல் நிறக் காளான் களிம்போடு கடையில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள் சாலையைத் தாண்டி வந்து வேடிக்கை பார்த்தார்கள். நாலு பேர் மறுநாள் தங்கள் குக்கரோடு வந்தார்கள். பத்தாம் நாள் நாராயணம்மா பருக்களை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. அந்த ஞாயிறு குழம்பு திரும்பி வந்தது. எனக்கும் ஒரு தட்டு.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியருக்கு அடுத்து அண்ணன் பெயர்தான். முதல் வகுப்பில் தேறினேன். மூன்று வருடமாயிற்று. சம்பங்கி அண்ணன் அதே கடையில்தான் குக்கர் பழுது பார்க்கிறார்; நெற்றியில் பரு இருக்கிறது.