பெயர் சொன்னால்தான் கூப்பிடும்

செல்போனுக்கு அடுத்து இதுதானாம். என் வீட்டுக்காரர் மாமாவுக்கு ஒரு கண்ணாடி வாங்கி வந்திருக்கிறார். போட்டுக்கொண்டு பெயரைச் சொன்னால் போதும், அதுவே போன் போட்டுவிடும். எருத்தேன்பதித் தோப்பில் டிராக்டர் ஓட்டும்போது பாக்கெட்டைத் தடவ வேண்டியதில்லை.

இன்று காலை மாமாவுக்கு மாட்டிவிட்டு, “அம்மாவக் கூப்புட்டுப் பாருங்கப்பா” என்றார்.

மாமா அத்தையைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதே இல்லை. எப்போதும் “இந்தா”தான்.

“ஊட்டுக்குக் கூப்புடு” என்றார் கண்ணாடியிடம். அப்படி யாரும் இல்லை என்றது.

“அட, இவளைக் கூப்புடு.”

அப்படியும் யாரும் இல்லையாம்.

“அம்மா பேரச் சொல்லோணுமுங்கப்பா.”

மாமா எழுந்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனார். “சரஸ்வதி” என்று மெல்ல ஒரு குரல் எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. அடுப்படியில் போன் அடித்தது.

அத்தை எடுத்து, “சொல்லுங்க” என்றார்.

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

திரும்பி வந்தவரிடம் என் வீட்டுக்காரர், “கஷ்டமா இருந்தா பேர ‘ஊடு’ன்னு மாத்தித் தர்றேனுங்கப்பா” என்றார்.

“வேண்டாம், இருக்கட்டும்.”

மத்தியானத்துக்குள் அத்தையின் போன் பலமுறை அடித்துவிட்டது. உங்களுக்கும் ஒரு கண்ணாடி வாங்கலாமா என்று அத்தையிடம் கேட்டேன்.

“எனக்கு இந்தப் போனே போதும் கண்ணு” என்றார் அவசரமாக.

சிரித்துக்கொண்டே இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் பெயர் எங்கேயுமே இல்லை.

தெரிந்தவர்கள் கமெண்டில் போட்டுவிடுங்கள்.