எலியா கொண்டுவந்த டிரம்

எலியாவுக்குக் கூரைக்குக் கீழே ஒரு வேலை கிடைத்தபோது வயது அறுபத்தொன்று. அதுவரை அம்பூரியிலும் வெள்ளறடையிலும் ரப்பர் மரம் ஏறி, இலை அழுகாமலிருக்கத் துருசு, அதாவது மயில்துத்தம், அடித்தவர். துருசையும் சுண்ணாம்பையும் டிரம்மில் கரைத்து, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சிக்குப் போனால், இறங்கும்போது ஆள் நீலமாகத்தான் இறங்குவார். முப்பத்திரண்டு வருஷம் அந்த வேலை. மூச்சு இளைக்கத் தொடங்கியதும் மரத்தை விட்டார். இருமல் அவரை விடவில்லை.

வேலை கிடைத்தது பாறசாலைக்கு இந்தப் பக்கம், மஸ்கட்டில் கடை வைத்திருக்கும் மோகனனின் வீட்டில். முன்னறையில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. நீல விளக்குக்குக் கீழே, மோகனன் கோரல் என்று சொல்லும் பவழங்கள் விரல் விரலாக அசைந்துகொண்டிருக்கும். கண்ணாடியில் நத்தைகள் ஊரும், கல்லிடுக்கில் இறால் மீசையை ஆட்டும்.

"எலே எலியா, இது மீன்தொட்டியில்ல, கேட்டியா. கடலாக்கும்" என்றான் மோகனன் முதல் நாளே. எலியாவைவிடப் பதினைந்து வயது இளையவன். "இதுல ஒண்ணு செத்தா உன்னையும் அதுல முக்கிப் பிடிப்பேன்."

ஞாயிறுதோறும் ஒரு டிரம் தண்ணீரில் கடலுப்பைக் கரைத்து, தொட்டியிலிருந்து அதே அளவு பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, புதியதை ஊற்ற வேண்டும். காலை ஆராதனை முடிந்த கையோடு எலியா அதைச் செய்துவிடுவார். அப்போது சமையல்காரி சத்தியபாய் கட்டன்சாயா கொண்டுவந்து வைப்பாள். புருஷன் இல்லாதவள். மகள் ஜின்சிக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு கல்யாண ஆலோசனை வந்திருந்தது. அந்தப் பேச்சைத் தவிர அவளிடம் வேறு பேச்சு கிடையாது.

மோகனன் ஒரு மாதம் மஸ்கட் போயிருந்தபோது டிரம்மின் அடி வெடித்து ஒழுகத் தொடங்கியது. போனில் சொன்னால் என்ன கேட்க வேண்டிவரும் என்று எலியாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. தன் வீட்டில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய டிரம்மை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அடியில் பித்தளைக் குழாய் வைத்த நல்ல கனமான டிரம். மணலும் சாம்பலும் போட்டு அரை நாள் தேய்த்தார். தண்ணீர் நிறைத்து, குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தும் பார்த்தார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற பிறகுதான் உப்பைக் கொட்டினார்.

மோகனன் திரும்பி வந்தபோது பவழங்கள் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் ஓரங்களில் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து தொட்டி பார்க்கும் சஜு பெட்டியோடு வந்தான். குப்பி குப்பியாகத் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினான். உப்பு சரி. சூடு சரி. சுண்ணாம்புச் சத்து சரி. விளக்கைக் குறைத்தான், வடிகட்டியில் கரி மாற்றினான். மூன்றாவது வாரம் இறால் செத்தது. மீன்கள் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நீந்தின.

"ஆராவது கைய விட்டாவளா சாரே? சோப்போ எண்ணெயோ பட்ட கை?" என்று கேட்டான் சஜு.

மோகனன் சமையலறையைத் திரும்பிப் பார்த்தான். கண்ணாடியைத் துடைப்பது சத்தியபாய்தான்.

"மீன் பொரிச்ச கைய வச்சோண்டு தொட்டியில அளஞ்சியாடீ?"

"கர்த்தருக்குப் பொதுவா சொல்லுதேன் சாரே, வெளிப்பக்கம் மட்டுந்தான் தொடச்சேன்."

"கர்த்தரா வந்து எனக்கு கோரல் வாங்கித் தருவாரு? சனிக்கிழமையோட நின்னுக்கோ."

அப்போது எலியா தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தார். நத்தைகள் கண்ணாடியை விட்டு விழுந்து, மணலில் வாய் பிளந்து கிடந்தன. அந்தக் கிடப்பை அவர் முப்பத்திரண்டு வருஷம் பார்த்திருக்கிறார். துருசு அடித்த மறுநாள் ரப்பர் மரத்தின் மூட்டில் நத்தைகள் இப்படித்தான் கிடக்கும். போய் டிரம்மின் பித்தளைக் குழாய் வாய்க்குள் விரலை விட்டுச் சுரண்டினார். நகத்தில் நீலப் பொருக்கு வந்தது.

இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இருமுகிற கிழவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? சனிக்கிழமை காலையில் சத்தியபாய் தன் டிபன் பாத்திரத்தையும் மாற்றுச் சேலையையும் பையில் எடுத்து வைப்பதைப் பார்த்ததும், நேராக முன்னறைக்குப் போனார். சஜுவும் இருந்தான்.

"சாரே, அவ இல்ல. நானாக்கும். டிரம் எனக்க வீட்டு டிரம். அதுல துருசு கலக்கினதாக்கும். தண்ணிய குடிச்சுப் பாத்துட்டுதான் உப்பு போட்டேன்."

மோகனன் சிரித்தான்.

"காலேஜில படிச்ச இவனுக்குத் தெரியாதது மரம் கேறுன உனக்குத் தெரிஞ்சு போச்சா? அவளுக்காக வேண்டி நீ ஏம்லே தலைய நீட்டுதே? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அந்தக் கட்டன்சாயாவோட ருசி அப்பிடி, இல்லியா?"

பக்கத்து வீட்டு ஆட்கள் கேட்கும்படியான சத்தம். பையோடு வாசலில் நின்ற சத்தியபாயும் கேட்டாள். எலியாவைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

துருசு செம்பிலிருந்து வருவது; ஆனால் செம்பு பார்க்கிற மருந்து சஜுவின் பெட்டியில் இல்லை. எந்த வீட்டில் தொட்டிக்குள் செம்பு கலப்பார்கள்? ஆனாலும் எலியா சொன்னது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்து அடுத்த வாரம் சொட்டு விட்டான். தண்ணீர் நிறம் மாறியது.

"கிழவன் சொன்னது சரியாக்கும் சாரே. செம்பு. கல்லுலயும் மணல்லயும் ஊறியாச்சு. மீனத் தவிர இனி இதுல ஒண்ணும் பொழைக்காது."

"அப்ப சத்தியபாய வரச் சொல்லட்டா சாரே?" என்று கேட்டார் எலியா.

"போனவ போவட்டும். உங்க ரெண்டுபேரயும் ஒரே வீட்டுல வச்சுப் பாக்க எனக்கு நேரமில்ல."

"அப்ப நான்?"

"நீ எங்கயும் போவாண்டாம். உன்ன விட்டா நீ மறந்திருவே. கடைசிக் கோரல் சாவது வரைக்கும் முன்னால நின்னு பாரு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எலியா சத்தியபாயின் வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"உனக்க மேல தப்பில்லன்னு சஜு கண்டுபிடிச்சாச்சு மக்கா."

"ஆருகிட்ட போயிச் சொல்ல அத? நெய்யாற்றின்கரக்காரங்க காதுலயும் அந்தக் கட்டன்சாயாப் பேச்சு விழுந்தாச்சு. நேத்து ஆளனுப்பியாச்சு, ஜின்சி வேண்டாம்னு." கத்தி நிற்கவில்லை. "நீரு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்கு வேல மட்டுந்தான் போயிருக்கும் அண்ணா."

கடைசிப் பவழம் சாக இன்னும் பதினெட்டு நாள் ஆனது. தொட்டியை மோகனன் கலைக்கவில்லை. வெள்ளை எலும்புகளுக்கு மேலே நீல விளக்கு இப்போதும் எரிகிறது, மீன்கள் நீந்துகின்றன. வீட்டுக்கு யார் வந்தாலும் எலியாவை முன்னறைக்குக் கூப்பிடுகிறான்.

"இந்த ஆளாக்கும் எனக்க கடல கொன்னது. எலே, அந்த வெள்ளத்த குடிச்சுப் பாத்தேன்னியே, சொல்லு."

"குடிச்சேன் சாரே."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர்."

"உனக்கு என்னலே ஆச்சு?"

வந்தவர்கள் சிரிப்பதற்குத் தயாராகக் காத்திருப்பார்கள். எலியா இருமி முடித்துவிட்டுச் சொல்வார்.

"ஒண்ணும் ஆவல்ல சாரே."