நாலாவது சேதி

அஞ்சலையின் அப்பன் சுப்பையன், ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடப் பிடித்துக்கொண்டு போன கூட்டத்தில் ஒருவர். போனவர் போனவர்தான். அம்மாக்காரியும் அடுத்த மழைக்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கூடப் பிறந்தது யாரும் இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிஞ்சியது பெரியப்பா மகன் கலியாணசுந்தரம் ஒருவர்தான். அவர்தான் மாப்பிள்ளை பார்த்து, தாலி வாங்கி, காஜா பெராங் மாரியம்மன் கோயிலில் வைத்து மருதமுத்துவுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தவர். அதனால் "எங்க அண்ணே" என்று அவள் சொன்னால் அப்பனையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று அர்த்தம்.

மருதமுத்து ஒரு சீன முதலாளியிடம், தவுக்கே என்பார்கள், லாரி ஓட்டினான். மலாக்கா டவுனிலிருந்து தோட்டங்களுக்கு அரிசி, பருப்பு, கருவாடு ஏற்றிப் போகிற லாரி. குடியிருந்தது சாரதாம்பாள் வீட்டின் பின்கட்டில். சாரதாம்பாள் மலாக்காச் செட்டி வம்சத்துப் பெண். நெற்றியில் குங்குமம், சாமி அறையில் விளக்கு, ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். தமிழ் நாலு வார்த்தை வரும், அதுவும் சமையல் வார்த்தை. அஞ்சலைக்கும் அவளுக்கும் ஒத்துப்போயிற்று. மருதமுத்துவுக்கும் அஞ்சலைக்கும் ஒரு பெண் குழந்தை, ஜெயா.

அது காட்டுக்காரர்கள் காலம். வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் பஸ்ஸை எரித்தார்கள், ரப்பர் மரத்தை வெட்டினார்கள், தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோரில் பிடிக்காதவனைச் சுட்டார்கள். பட்டாளம் அவர்களைத் தேடியது. இரண்டுக்கும் நடுவில் கிடந்தவர்கள் தோட்டத்துச் சனங்களும் அவர்களுக்குச் சோறு கொண்டுபோகிற மருதமுத்து மாதிரி ஆட்களும்.

ஒருநாள் பட்டப்பகலில், செலாண்டார் போகிற பாதையில் இரண்டு பேர் கையைக் காட்டி லாரியை நிறுத்தினார்கள். வளைவில் இரண்டு மூட்டை அரிசியை இறக்கிவிட்டுப் போகச் சொன்னார்கள்.

"தோட்டத்துக் கேட்ல மூட்டை எண்ணுறாங்க தம்பி. குறைஞ்சா என் கழுத்துதான் போவும்" என்றான் மருதமுத்து.

அவர்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேர் கேட்டார்கள், இருக்கிற இடம் கேட்டார்கள். "சரிண்ணே, பார்த்துப் போங்க" என்று மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். அன்று சாயங்காலம் அஞ்சலையிடம் இதைச் சொல்லிச் சிரித்தான். "நம்ம ஊர் மாத்தா மாத்தா போலீசுக்குக்கூட இவ்வளவு மரியாதை தெரியாது புள்ள."

அஞ்சலைக்குச் சிரிப்பு வரவில்லை. "பேர எதுக்குச் சொன்னீங்க?"

"கேட்டான், சொன்னேன். எங்கப்பன் வச்ச பேரு, அதுல என்ன வெக்கம்?"

அடுத்த வாரத்தில் பட்டாளம் அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் புகுந்தது. காட்டுக்காரர்களில் நாலைந்து பேர் செத்தார்கள்.

கலியாணசுந்தரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆறாவது வரை படித்தவர். மத்தியானம் பஸ்ஸில் தமிழ்ப் பேப்பர் வந்ததும் அலாவுதீன் நானாவின் ஒட்டுக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். மாட்டு வண்டிக்காரர், ரோடு கூட்டுகிறவர், லாரிக்காரர் எல்லாரும் தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு கேட்பார்கள். படிக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது, அதுதான் அங்கே வழக்கம். அவரும் பாதியில் நிறுத்த மாட்டார். கொரியாச் சண்டை என்றால் குரல் கனக்கும், ஊர்க் கல்யாணச் சேதி என்றால் குழையும். "சுந்தரண்ணன் படிச்சாரு" என்று சொல்லிவிட்டால் அந்த வட்டாரத்தில் மறுபேச்சு கிடையாது.

அன்று பேப்பருக்குள் ஒரு மெல்லிய தாள் மடித்து இருந்தது. யார் வைத்தது, பஸ்ஸிலா கடையிலா, இன்றுவரை தெரியாது. கறுப்பு மை படிந்த தமிழ் எழுத்து. அது பேப்பர்க்காரன் தாள் இல்லை என்பது முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதும் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் கிட்டே நகர்ந்து வந்தார்கள். வெளியே நின்றவனும் உள்ளே வந்தான். அவர் படித்த இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூட்டம் இப்படி மூச்சை அடக்கிக் கேட்டதில்லை.

முதல் சேதி, அரிசிப் பங்கீட்டைக் குறைத்தது. உண்மை. இரண்டாவது, ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பிள்ளைத்தாய்ச்சியை உதைத்தது. அதுவும் உண்மை, எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது, டவுன் கடைக்காரர்கள் எடையில் ஏமாற்றுவது. "ஆமாலா, ஆமாலா" என்று சனம் தலையாட்டியது. அந்தத் தலையாட்டலோடு குரலும் தன்னால் ஏறியது. நாலாவது சேதி வந்தது. காட்டில் தோழர்கள் செத்ததற்குக் காரணம், காசு வாங்கிக்கொண்டு பட்டாளத்துக்கு வழி காட்டிய துரோகி, காஜா பெராங் அரிசி லாரி மருதமுத்து.

பேர் கண்ணில் பட்டபோது வாய் அந்த வரியின் பாதியைத் தாண்டியிருந்தது. நிறுத்தியிருக்கலாம். முகங்கள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. படித்து முடித்தார்.

அலாவுதீன் நானா வந்து தாளைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். "இது கையில இருந்தா நாம எல்லாரும் உள்ள போயிடுவோம், அத்தா!" அவர் சொன்னதும் சரிதான். ஆனால் தாள் எரிந்துபோனதால், அதில் என்ன இருந்தது என்று திரும்பப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. அவரவர் காதில் விழுந்ததுதான் சேதி. சேதி பக்கத்து ஊரான செமாபோக் போய்ச் சேர்ந்தபோது, அதில் மருதமுத்து பட்டாளத்து ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து போயிருந்தான். புக்கிட் பாருவில், செத்தவர்களை அடையாளம் காட்டியதே அவன்தான். உஜோங் பாசிரில் அவனுக்குச் சர்க்கார் வீடே கட்டிக் கொடுத்துவிட்டது.

சாரதாம்பாள் வீட்டுப் பின்கட்டில் இருந்தவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். பெண்கள் வாளியைத் தள்ளி வைத்துக்கொண்டு வழிவிட்டார்கள். ஒரு நாளும் அப்படி வழிவிட்டவர்கள் இல்லை. குழாயடிப் பேச்சில் தனக்குப் பாதி புரிந்ததைச் சாரதாம்பாள்தான் மலாயில் வந்து சொன்னாள். யாரோ ஒரு தாளில் உன் புருஷன் பேரைப் போட்டிருக்கிறானாம், உன் அண்ணன் படித்தாராம்.

மருதமுத்து அப்போதும் வேடிக்கைதான் பேசினான். "என் பேரு அச்சுல வந்திருக்கு புள்ள. உங்க அண்ணன் பேரு வந்திருக்கா?" ஆனால் கடையில் போய் உட்கார்ந்தபோது பெஞ்சு காலியாயிற்று. ஒருவர் பின் ஒருவராகக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்கப்புறம் அவன் வேடிக்கை பேசவில்லை.

அஞ்சலை குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, நாளைக்கு அதே பெஞ்சில உக்காந்து, அது பொய்யின்னு சொல்லுங்க."

"எத வச்சுச் சொல்றது தங்கச்சி? பேப்பர்ல வந்தாத்தானே படிக்க முடியும்?"

"அன்னைக்குப் படிச்சது பேப்பர்ல வந்ததா?"

"மாப்பிள்ள அப்படிச் செய்யிற ஆளில்ல. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சு எனக்கென்ன பிரயோசனம்? கேட்டவங்களுக்குத் தெரியணும்."

"சொல்லிட்டு? அடுத்த தாள்ல என் பேரு வரும். எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா."

அண்ணி உள்ளேயிருந்து குழந்தைக்கு ஒரு பிஸ்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அஞ்சலை அதை வாங்காமல் வந்துவிட்டாள்.

அப்புறம், அன்று கடையில் கேட்டவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். "நான் என்ன சொன்னேன்? சுந்தரண்ணன் படிச்சதைத்தானே சொன்னேன்." ஒருவரும் அவளை விரட்டவில்லை. ஒருவரும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை. போலீசுக்குப் போகலாம் என்று ஒரு நாள் கிளம்பினாள். மருதமுத்து கையைப் பிடித்து நிறுத்தினான். "நீ அந்தப் படி ஏறினா, தாள்ல வந்தது நெசமாயிடும் புள்ள. ஓடிப்போனாலும் நெசமாயிடும். நான் எப்பவும் போல வேலைக்குப் போறேன். அது ஒண்ணுதான் பதில்."

அவன் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் லாரியைத் தனியாக ஓட்ட முடியாது. மூட்டை இறக்க, பின்னால் பார்த்துச் சொல்ல, ஒரு கெலிண்டான் வேண்டும். அவனோடு பல வருஷமாகப் போனவன் கருணாகரன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். அவன் வாசலுக்கே வந்தான், உள்ளே வரவில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வீட்ல அழுவுது."

"நீ நம்புறியாடா?"

"நான் நம்பல. ஆனா அவனுங்க உங்களத் தேடி வந்தா, பக்கத்துல உக்காந்திருக்கவன யாருன்னு கேட்டுட்டா சுடுவானுங்க?"

வேறு ஆள் கிடைக்கவில்லை. பட்டாளம் புகுந்த பிறகு லாரிகளுக்குப் போட்டிருந்த காவல்காரனும் அந்த லாரி என்றால் வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டு போனான். தவுக்கே, ஓட்டுகிறாயா, சாவியைக் கொடுக்கிறாயா என்று கேட்டான். மருதமுத்து ஓட்டினான். கிளம்பும்போது அஞ்சலை லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "சாவியக் குடுத்திருங்க. நான் வீட்டு வேலைக்குப் போறேன்." அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

அதே செலாண்டார் பாதையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, வெயில் ஏறுகிற நேரத்தில் சுட்டார்கள். லாரியில் மூட்டை ஒன்றையும் தொடவில்லை. அரிசிக்காகச் சுட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாதல்லவா. சட்டைப் பையில் இன்னொரு தாளைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

உடம்பைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டபோது தமிழ்ச் சனங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அழுகை வந்தவர்கள்கூட அங்கேயே நின்று அழுதார்கள். முற்றத்துக்கு வந்தவர்கள் சாரதாம்பாளின் பிள்ளைகளும் அவளுடைய மைத்துனன் மக்களும்தான். தமிழ் தெரியாதவர்கள். தாளில் வந்தது அவர்கள் காதில் ஏறவே இல்லை. பக்கத்து வீட்டு மனிதன் செத்துப்போனான், தூக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. மூங்கிலை அவர்களே வெட்டிக் கட்டினார்கள். அலாவுதீன் நானாவும் வந்தார். யாரையும் பார்க்காமல் ஒரு பக்கமாக நின்றார்.

எடுக்கும் முன் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அண்ணன் தம்பி கொண்டுவந்து போர்த்துகிற சேலை அது. கலியாணசுந்தரம் ரோட்டைக் கடந்து வந்தார். வர மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கையில் புதுச் சேலை. முகம் வீங்கியிருந்தது. குனிந்து அவள் தோளில் போர்த்தப் போனார்.

அஞ்சலை கையை நீட்டித் தடுத்தாள்.

"சொல்லிட்டுப் போடுங்க அண்ணே."

"அஞ்சல…"

"எம்புருஷன் காட்டிக் குடுக்கலன்னு சொல்லிட்டுப் போடுங்க. சனமெல்லாம் நிக்குது."

அவர் உதடு அசைந்தது. "மாப்பிள்ள அப்படிப்பட்டவரு இல்ல" என்றார். பக்கத்தில் இருந்த சாரதாம்பாளுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"சத்தமா, அண்ணே. அன்னைக்குப் படிச்ச மாதிரி."

அவர் நிமிர்ந்து ரோட்டுப் பக்கம் பார்த்தார். நிற்கிறவர்களில் அந்தத் தாளை வைத்தவன் இருக்கலாம். பக்கத்தில் நிற்பவனாகவும் இருக்கலாம். வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. இரண்டு தடவை திறந்தார். மூன்றாம் தடவை சேலையைத் தரையில் வைத்துவிட்டு, வந்த வழியே போனார். பிறந்த வீட்டுக் கோடி இல்லாமலேதான் மருதமுத்துவை எடுத்தார்கள்.

அதன் பிறகு அவள் அம்மியில் மசாலா அரைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றாள். செமாபோக் வரைக்கும் நடப்பாள். "யாரு, அரிசி லாரிக்காரன் பெண்டாட்டியா?" என்று கேட்டுவிட்டு வாங்குவார்கள். மிளகாய் நன்றாக அரைபட்டிருக்கும், வாங்காமல் இருக்க முடியாது. சுதந்திரம் வந்தது. டவுனில் கொடி ஏற்றினார்கள், தீபாவளிக்குப் போலச் சனம் புதுத்துணி உடுத்திப் போயிற்று. அவளும் ஜெயாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்கு அடுத்த வருஷம், காட்டிலிருந்து இறங்கிச் சரணடைந்த ஒருவன் அவளைத் தேடி வந்தான். பொன்னுதுரை என்று பேர். பல்லெல்லாம் கெட்டு, வயதுக்கு மேல் கிழடு தட்டியிருந்தான். வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"யாரும் காட்டிக் குடுக்கலக்கா. அடுப்புப் பொகையப் பாத்துப் பட்டாளம் வந்திருச்சு. எங்க தப்புன்னு சொன்னா சனம் எங்கள மதிக்குமா? ஒரு பேரு வேணும். ரெண்டு மூட்டை குடுக்காதவரு பேரு கையில இருந்துச்சு."

அஞ்சலை அரைப்பதை நிறுத்தவில்லை.

"மூணு நெசத்த முன்னால போடுவோம். நாலாவதுதான் நாங்க சொல்ல வேண்டியது. படிக்கிறவரு நல்ல மனுசனா இருக்கணும், அதையும் பாத்துத்தான் வைப்போம். அவரு வாயால வந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அப்புறம் எங்களுக்கு வேலையே இல்ல. உங்க சனமே கொண்டுபோயிரும்."

"இத கடையில வந்து சொல்லு."

"எனக்கே இங்க எடம் கெடையாது அக்கா. நான் சொன்னா யாரு கேப்பா?" எழுந்து போய்விட்டான். மறுபடி அவனைப் பார்த்தவர் இல்லை.

அவள் கையைக் கழுவிக்கொண்டு நேரே அலாவுதீன் நானா கடைக்குப் போனாள். கலியாணசுந்தரம் பேப்பர் படிப்பதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கடையில் இப்போது ரேடியோ. பெஞ்சில் பழைய ஆட்கள் ஒன்றிரண்டு பேர், மற்றவர்கள் புதுசு. அவள் உள்ளே வந்து நின்றதும் திரும்பிப் பார்த்தார்கள்.

"காட்டுக்காரன் ஒருத்தன் வந்துட்டுப் போனான். எம்புருஷன் யாரையும் காட்டிக் குடுக்கல. அவனே சொன்னான்."

ஒரு கிழவர் தலையை ஆட்டினார். "அப்படியா? நல்லதும்மா."

புதுசாக இருந்தவன் பக்கத்து ஆளிடம் கேட்டான். "யாருலா இது?"

"தெரியாதா? காட்டிக் குடுத்தானே அரிசி லாரிக்காரன், அவன் சம்சாரம்."

அவள் இன்னும் சொல்ல வாயெடுத்தாள். யாரோ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள். "கொஞ்சம் இருங்கக்கா, நியூஸ் போடறான்."

அஞ்சலை கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். எல்லா முகமும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே வந்து வெயிலில் நடந்தாள். மிளகாய் எரிச்சல் விரலில் அப்படியே இருந்தது.