வாவிச் சேற்றில் வெள்ளிக்காசு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்பிள்ளைகளுடையவை. அதனால் எங்கள் ஊரில் புது மாப்பிள்ளை யாரைக் கண்டாலும், பள்ளித் தவணை நடுவில் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளையின் ஞாபகம்தான் எனக்கு வரும். எங்கே உட்காருவது, யாரோடு கதைப்பது என்று தெரியாமல், எதைக் கொடுத்தாலும் போதும் போதும் என்பார்.

சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு தேற்றாத்தீவில் எங்கள் வீட்டுக்கு வந்த சித்தப்பா இதில் முதல் பரிசு வாங்கக்கூடியவர். பிறந்து வளர்ந்தது மட்டக்களப்பு டவுனில். வேலை களுவாஞ்சிக்குடியில் ஒரு கந்தோரில். பின்னேரம் வந்து கால் கழுவிக்கொண்டு அறைக்குள் போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். வெள்ளிக்கிழமை ஆனதும் பையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். என் அம்மாவை அவர் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தொண்டையைச் செருமுவார்.

அப்பா கட்டார் நாட்டில் வேலை செய்த காலம் அது. வீட்டுப் பொறுப்பு முழுக்க அம்மாவின் தலையில். இரண்டு வீடு தள்ளி வந்த ஒரு மாப்பிள்ளை இப்படித்தான் வெள்ளிக்குவெள்ளி போய்ப் போய் வந்து, கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை போனவர் திரும்பவே இல்லை. அந்தப் பயம் அம்மாவைப் பிடித்து ஆட்டியது. தங்கையின் வாழ்க்கை தன் சமையலில்தான் தொங்குகிறது என்று நினைத்தவர் போல நண்டு வைத்தார், இறால் பொரித்தார், கட்டித் தயிர் வாங்கினார். சித்தப்பா போதும் என்றார்.

அந்த மனிதர் பல் தெரியச் சிரித்து நான் கண்டது ஒரு மரப்பெட்டிக்கு முன்னால் மட்டும்தான். அதற்குள் வெள்ளைக்காரன் காலத்து வெள்ளிக்காசுகள், ஒவ்வொன்றும் ஒரு கடதாசி உறையில். கிரீடம் வைத்த ராசா தலை போட்ட ஐம்பது சதங்கள், மகாராணி தலை போட்ட இந்திய ரூபாய்கள். பின்னேர வெளிச்சம் சரிந்து வரும் ஜன்னலருகே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். நாங்கள் எதையாவது களவெடுத்துவிட்டோமா என்று சரிபார்க்கிறார் என்றே முதலில் நினைத்தேன். கதவடியில் நின்ற என்னை ஒருநாள் கண்டுவிட்டு, "வாங்க, பாருங்க. விளிம்பில பிடிக்கணும்" என்று ஒன்றைக் கையில் தந்தார்.

நேராகப் பார்த்தால் அது வெறும் மங்கல் காசு. கொஞ்சம் சாய்த்ததும் ராசாவின் கன்னத்தில் மெல்லிய தேன் மஞ்சள் ஓடியது. அதைத் தாண்டி ரோஜா என்று சொல்லவும் முடியாத ஒரு சிவப்பு. எழுத்துகள் சுற்றிவரும் விளிம்பில் நீலம். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் எல்லாம் மறைந்து பழைய காசாகிவிடும். திரும்பத் திரும்பச் சாய்த்துப் பார்த்தேன்.

"இது பூசினதா, சித்தப்பா?"

"இல்ல. கடதாசியில சுத்திச் சும்மா வெச்சா, காத்துப் பட்டுத் தன்ட பாட்டில வரும். பூசினா இப்படி அடக்கமா இருக்காது" என்றார். எங்கள் வீட்டில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

இப்போது ஃபோனைத் திறந்தால் காசு சேர்ப்பவர்கள் இந்த நிறத்துக்காக அடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். தேய்த்து மினுக்கிய காசு என்றால் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் போலத் துக்கம் விசாரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் இதெல்லாம் எங்கள் அம்மாவுக்கு யார் சொல்வது?

சித்திரை வருஷப்பிறப்பு நெருங்கியது. சித்தப்பாவும் சின்னம்மாவும் டவுனுக்குப் போய், வருஷத்துக்கு முந்தின நாள் மத்தியானம் திரும்புவதாக ஏற்பாடு. அம்மா வீட்டைத் தலைகீழாக்கிக் கழுவினார். குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் என்று கண்ணில் பட்டதெல்லாம் புளியும் சாம்பலும் பட்டுப் பளபளத்தன. அந்த வேகத்தில் சித்தப்பாவின் அறையைக் கூட்டப் போனவர் பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே ஊத்தை பிடித்த வெள்ளிக்காசுகள். அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வருஷத்தன்று பெரியவர்கள் சின்னவர்களின் கையில் கைவிசேஷமாகக் காசு வைப்பார்கள். ஆண்டு முழுக்க அந்தக் கை நிறைய வேண்டும் என்பதற்காக. பாவம், மாப்பிள்ளை எங்களுக்குக் கைவிசேஷம் தரத்தான் வெள்ளிக்காசு சேர்த்து வைத்திருக்கிறார்! அதை இப்படி மங்கிப்போன காசாகத் தருவதா?

ரியூஷன் முடிந்து நான் வந்தபோது, முற்றத்தில் வெள்ளைத்துணியில் காசுகள் காய்ந்துகொண்டிருந்தன. வெயிலில் கண் கூசியது. ராசாவின் மூக்கு எவர்சில்வர் கரண்டி போல மினுங்கியது. அம்மாவின் முகம் அதைவிட மினுங்கியது.

"அம்மா, நிறம் எங்க?"

"என்ன நிறம்?"

நான் தெரிந்ததைச் சொன்னேன். அம்மா சாம்பல் கையோடு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ புள்ள, நான் நல்லதுக்கெல்லோ செய்தன். இனி அந்தத் தம்பி இந்த வாசலை மிதிப்பாரா?" என்றார். அம்மா அழப்போகிறார் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அவர் கண் என் காலில் விழுந்தது. என் வெள்ளிக் கொலுசு கறுத்துக் கிடந்தது. போன கிழமை வாவிக்கரையில் இறால் பிடிக்கப் போய், சேற்றில் உழன்று, கொலுசைக் கறுப்பாக்கியதற்காக வாங்கிய அடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடித்த அதே அம்மா இப்போது குரலைத் தாழ்த்தி, "அது எந்த இடம்?" என்று கேட்டார்.

வாவிக்கரையில் பிறந்தும் வாவிக்குள் கால் வைக்காதவர் என் அம்மா. அன்று சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். காசுகளைச் சீலைத்துண்டில் முடிந்து, கண்டல் மரத்து வேருக்குப் பக்கத்தில், கூழ்முட்டை நாற்றம் அடிக்கும் கறுத்தச் சேற்றில் புதைத்தோம். அடையாளத்துக்கு ஒரு கம்பு நட்டோம். விடிய எடுத்தால் அளவாக நிறம் பிடித்திருக்கும் என்பது அம்மாவின் கணக்கு. மீன்குழம்புக்குப் புளி அளக்கிற அதே நம்பிக்கையோடு சொன்னார்.

விடிந்து போனால் கம்பைக் காணவில்லை. யாரோ தோணி கட்டப் பிடுங்கியிருக்க வேண்டும். அம்மா முழங்காலளவு சேற்றில் நின்று தடவத் தொடங்கினார். தோணியில் வந்த ஒருவர் துடுப்பை நிறுத்தினார்.

"நாளைக்கு வருஷத்த வெச்சுக்கொண்டு என்னக்கா தேடுறீங்க?"

"புள்ளட கொலுசு" என்றார் அம்மா.

என் இரண்டு காலிலும் கொலுசு இருந்தது. காலைச் சேற்றுக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டு, கொலுசைத் தொலைத்த பிள்ளையின் முகத்தை வரவழைத்துக்கொண்டேன். அந்த மனிதருக்கு இளகிய மனம். இறங்கித் தேடினார். அவருடைய பிள்ளைகளைக் கூப்பிட்டார். வலை உதறிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். இல்லாத ஒரு கொலுசுக்காக அத்தனை சனமும் சேற்றைக் கிண்டியது. கடைசியில் முடிச்சு அவர் கையில்தான் தட்டுப்பட்டது.

"இது என்னக்கா, இவ்வளவு பாரமாக் கிடக்கு?"

"ஓம் ஓம், அதுதான்" என்று பறித்து மடியில் போட்டுக்கொண்டு அம்மா நடந்த நடையை நான் வேறெந்த நாளும் கண்டதில்லை. பின்னால் நான் கொலுசு குலுங்க ஓடினேன். அவர்கள் என்ன நினைத்தார்களோ!

கிணற்றடியில் முடிச்சை அவிழ்த்தோம். தேனும் இல்லை, ரோஜாவும் இல்லை. அடுப்பில் கிடந்த சட்டியின் அடி போல எல்லாம் ஒரே கறுப்பு. கழுவக் கழுவ நாற்றம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. மத்தியான பஸ் வரும் நேரமாகிவிட்டதால் அப்படியே உறைகளில் போட்டுப் பெட்டியை மூடினோம்.

சித்தப்பா வந்தார், கால் கழுவினார், அறைக்குள் போனார். அம்மா வெந்து முடிந்த சோற்றை அடுப்படியில் கிண்டிக்கொண்டே இருந்தார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு உறைகள் ஒவ்வொன்றாகச் சரசரத்தன.

சித்தப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். அதுவரை அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கையில் பெட்டி. முகம் வாடித்தான் போயிருந்தது.

"இதில வாவிச்சேறு மணக்குது" என்றார்.

அம்மா உடைந்துவிட்டார். புளி, சாம்பல், கைவிசேஷம், கொலுசு, காணாமல் போன கம்பு என்று ஒன்று விடாமல் கொட்டினார். சித்தப்பா குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் காலைப் புதைத்துக்கொண்டு நின்ற இடம் வந்ததும் அவருடைய உதடு ஒருமாதிரி இழுபட்டது. தோணிக்காரர் முடிச்சைத் தூக்கிப் பார்த்த இடத்தில் அடக்க முடியாமல் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு சிரிப்பு! யாரோ அழுகிறார்கள் என்று நினைத்துச் சின்னம்மா ஓடி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தப்பா காற்சட்டைப் பைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்தார். டவுனில் ஒரு கூட்டாளிக்குக் காட்டவென்று கொண்டுபோன ஒரேயொரு காசு அது.

"விளிம்பில பிடிச்சுப் பாருங்க, அக்கா."

அம்மா அதை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார். இன்னொரு பக்கம் சாய்த்தார்.

"இது ஊத்தை இல்லையே, தம்பி. மீன் துடிக்கேக்க வயித்துப்பக்கம் ஒரு நிறம் ஓடுமே, அதெல்லோ இது!"

"அதேதான் அக்கா. இத்தனை வருஷமா எனக்கு அதைச் சொல்லத் தெரியல்ல."

"மத்ததுகளுக்கு என்ன செய்யிற? எலுமிச்சம்புளி போட்டுப் பாப்பமா?"

"ஐயோ, ஒண்டும் வேணாம்!" என்று சித்தப்பா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அதுகள் சும்மா கிடக்கட்டும். மெல்ல மெல்ல மாறும்."

"எவ்வளவு நாளாகும்?"

"அவசரப்படேலா. இஞ்சதானே இருக்கம், இருந்து பாப்பம்" என்றார். அம்மா சட்டென்று முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். புகை என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தப்பா டவுனுக்குப் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை. காரணம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எங்களை நம்பிப் பெட்டியை விட்டுவிட்டுப் போக அவருக்குப் பயம். வீட்டில் நின்று காவல் காக்கிறார். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். பெட்டி அறைக்குள் கிடக்க, காவல்காரர் ஏன் சனிக்கிழமை முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவோடு கதைத்துக் கதைத்து வெங்காயம் உரிக்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.